பொங்கல் அன்னிக்கு ராத்திரி 16 பேருக்கு சாப்பாடு, தொட்டுக்க சுலபமா ஒரு காய் சொல்லுங்களேன்

மாயவரம்_மருமகள்

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீடு மயிலாடுதுறை பக்கத்துல ஒரு கிராமம். இந்த வருஷம் பொங்கலுக்கு மதிய சமையலை விட ராத்திரி சாப்பாடுதான் பெரிய யோசனையா இருக்கு. கொழுந்தனார் ரெண்டு பேரும் நாத்தனாரும் காலைல அவங்கவங்க வீட்டுல பொங்கல் வச்சிட்டு, மறுநாள் மாட்டுப் பொங்கலுக்கு இங்க இருக்கணும்னு மதியமே கிளம்பி குடும்பத்தோட வர்றாங்க, வந்து சேர எப்படியும் எட்டு மணி ஆயிடும், எங்களையும் சேர்த்தா 16 பேர், அதுல அஞ்சு பேர் சின்ன பசங்க.

மதியம் எங்களுக்கு வழக்கம்போல சர்க்கரைப் பொங்கல், வெண்பொங்கல், பரங்கி அவரை மொச்சை வள்ளிக்கிழங்கு எல்லாம் போட்ட பொங்கல் குழம்பு, வடை. ராத்திரிக்கு சாதம், முருங்கைக்காய் சாம்பார், மிளகு ரசம், அப்பளம், தயிர்னு முடிவு பண்ணிட்டேன். தொட்டுக்க ஒரே ஒரு காய்தான் வேணும், அதுதான் அமைய மாட்டேங்குது.

ஏன்னா அத்தை அன்னிக்கு இங்கிலீஷ் காய் வேணாம்னுட்டாங்க, அதனால கேரட், பீன்ஸ், கோஸ், உருளை எதுவும் கிடையாது. வெங்காயம் பூண்டும் அன்னிக்கு சேர்க்க மாட்டோம். மாமாவுக்கு சுகர். பசங்களுக்கு காரம் ஆகாது. ரெண்டு பர்னர் அடுப்பு ஒண்ணுதான். அத்தைக்கு முட்டி வலி, அடுப்புக்கிட்ட நிக்க முடியாது, ஆனா உக்காந்த இடத்துல எவ்வளவு வேணா நறுக்கித் தருவாங்க. அடுப்பு வேலை மொத்தமும் நான் ஒருத்திதான். மத்தவங்க வந்து இறங்குற நேரத்துல நான் வாணலியோட போராடிக்கிட்டு இருக்கக்கூடாது, வந்தவங்ககூட உக்காந்து பேசணும், வருஷத்துல ஒரு தடவைதான் எல்லாரும் ஒண்ணா சேருறோம். அப்படி ஒரு காய் இருந்தா சொல்லுங்க.

தஞ்சை_தம்பி

அக்கா ரொம்ப யோசிக்காதீங்க, பரங்கிக்காயும் பச்சை மொச்சையும் போட்டு கூட்டு பண்ணிடுங்க. பொங்கலுக்கு எப்படியும் முழு பரங்கிக்காய் வாங்குவீங்க, குழம்புக்குப் போக பாதி மிச்சம்தான் இருக்கும். மொச்சையை உப்பு போட்டு குக்கர்ல ரெண்டு விசில், பரங்கியைத் தனியா கொஞ்சமா தண்ணி விட்டு வேகவச்சு ரெண்டையும் கலந்து, தேங்காய் சீரகம் பச்சமிளகாய் அரைச்சு ஊத்தி ஒரு கொதி. மொத்தமே அரை மணி நேரம்தான். பரங்கி சீக்கிரம் வெந்துடும், மொச்சையோட ஒண்ணா குக்கர்ல போட்டா மட்டும் கரைஞ்சு பாயசம் மாதிரி ஆயிடும், அதைப் பாத்துக்கங்க. பசங்களுக்கும் இனிப்பா இருக்கும், தட்டுல மிச்சம் வைக்க மாட்டாங்க.

கும்பகோணம்_மாமி

பொங்கலோ பொங்கல்! ராத்திரி சாப்பாட்டுக்கு எங்காத்துல எப்பவும் வாழைக்காய் பொடிமாஸ்தான், எனக்குத் தெரிஞ்சு இதை விட சிரமம் இல்லாத கறி கிடையாது. தோல் சீவ வேண்டாம், பொடியா நறுக்க வேண்டாம். மொந்தன் வாழைக்காயா, நன்னா முத்தினதா ஆனா பழுக்காததா பாத்து எட்டு காய் வாங்கிக்கோங்கோ. ரெண்டு முனையையும் வெட்டிட்டு, குறுக்கால ரெண்டா நறுக்கி, தோலோட கொதிக்கிற தண்ணில போட்டு மூடி வச்சா பத்து பன்னெண்டு நிமிஷத்துல தோல் பச்சை மாறி கறுத்துடும், கத்தி முனையால குத்தினா உள்ள போகணும் ஆனா குழையக்கூடாது. அவ்வளவுதான், எடுத்து ஆற விட்டுடணும். சூட்டோட துருவினா களியாட்டமா ஒட்டிக்கும், நன்னா ஆறினப்புறம் தோலை உரிச்சு பெரிய துருவல்ல துருவினா உதிரி உதிரியா பூவாட்டம் விழும்.

இதை மத்தியானமே பண்ணி மூடி பிரிட்ஜ்ல வச்சுடலாம். ராத்திரி வாணலில எண்ணெய், கடுகு, உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு, பெருங்காயம், பொடியா நறுக்கின இஞ்சி, கீறின பச்சமிளகாய், கறிவேப்பிலை, எல்லாம் தாளிச்சு துருவலைக் கொட்டி உப்பு போட்டு நாலு பிரட்டு பிரட்டினா சூடேறிடும். அடுப்பை அணைச்சுட்டு தேங்காயும் எலுமிச்சம்பழச் சாறும். சாறை அடுப்பு எரியறச்ச விடாதீங்கோ, கசந்துடும். குழந்தைகளுக்கு பச்சமிளகாயைப் பொறுக்கி எடுத்துட்டா போதும். அடுப்புகிட்ட நிக்கறது பத்து நிமிஷம்கூட ஆகாது.

திருவாரூர்_கொல்லை

எங்க கொல்லைல இப்ப பந்தல் முழுக்க அவரைதான் தொங்குது, அதனால நான் அவரைக்காயைத்தான் சொல்லுவேன். நாட்டு அவரை ஆடிப்பட்டத்துல விதைச்சா பகல் நேரம் குறைஞ்சு பனி விழ ஆரம்பிக்கிறப்பதான் பூக்கும், கார்த்திகைல பிடிச்சு தை வரைக்கும் காய்க்கும், பொங்கலுக்கு அவரைக்காய் வந்து சேர்ந்ததே அதனாலதான், அந்த நேரத்துல கொல்லைல இருக்குறது அதுதானே. உழவர் சந்தைல வாங்குறதா இருந்தா காய்ல சின்ன ஓட்டை இருக்கான்னு பாத்து வாங்குங்க, இருந்தா உள்ள புழு இருக்கும். கருப்பா பிசுபிசுன்னு இருந்தா அசுவினி ஒட்டினது, பனி நேரத்துல அது ஜாஸ்தி, உப்புத் தண்ணில அலசினா போயிடும். விதை புடைச்சுத் தெரியுற காய் வேணாம், அதை குழம்புக்குப் போட்டுக்கலாம். பொரியலுக்கு இளசா, வளைச்சா டக்குனு ஒடியுற காய்தான் நல்லா இருக்கும்.

மாமாவுக்கு சுகர்னு சொல்லியிருக்கீங்க. வாழைக்காய், வள்ளிக்கிழங்கு எல்லாம் மாவுச்சத்து, சாதத்தோட சாதம் சாப்பிட்ட மாதிரிதான், அதுவும் மதியம் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்ட அன்னிக்கு. அவரைக்காய் நார்ச்சத்து உள்ள காய், அவரு தயங்காம ரெண்டு கரண்டி போட்டுக்கலாம். வீட்டுப் பெரியவருக்கு மட்டும் இது வேணாம் அது வேணாம்னு தனியா எடுத்து வைக்கிற மாதிரி ஆகக்கூடாது பண்டிகை நாள்ல, எல்லாரும் சாப்பிடுற காயை அவரும் சாப்பிடணும்.

நாகை_கடற்கரை

எங்க பக்கம் பொய்யூர் கத்தரிக்காய் கிடைச்சா வேற காயே தேட மாட்டோம். சின்னதா பிஞ்சா பாத்து வாங்கி நாலா கீறி, மல்லி கடலைப்பருப்பு மிளகாய் வறுத்துப் பொடிச்சு அடைச்சு எண்ணெய்ல வதக்குங்க, சாதமே ரெண்டு பங்கு போகும்.

பந்தி_சமையல்_வலங்கைமான்

நான் கல்யாண சமையல் வேலை பாக்குறவன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன் தங்கச்சி. காய் எதுன்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி மதியம் இலைல என்ன விழுந்துச்சுன்னு பாக்கணும். ரெண்டு வேளை சாப்பாட்டுக்கு மெனு போடுறப்ப நாங்க முதல்ல பாக்குறது அதைத்தான். உங்க வீட்டு மதிய சாப்பாடு சர்க்கரைப் பொங்கல், வெண்பொங்கல், பரங்கியும் கிழங்கும் போட்ட குழம்பு. எல்லாமே குழைவு, பாதிக்கு மேல இனிப்பு. ராத்திரியும் பரங்கிக்காய் கூட்டுன்னா வாய்க்கு ஒரு மாத்தமும் இல்ல. தம்பி சொன்ன கூட்டு நல்ல கூட்டுதான், அதைத் தனியா இன்னொரு நாள் பண்ணுங்க. அதோட சாம்பார் இருக்கு, ரசம் இருக்கு, தயிர் இருக்கு, அத்தனையும் ஓடுற சாமான், இலைல நாலாவதா கூட்டும் ஓடக்கூடாது. பல்லுல கடிபடுற மாதிரி உலர்ந்த காய் ஒண்ணு வேணும்.

ரெண்டாவது, எட்டு மணிக்கு வர்றேன்னு சொன்னவங்க ஒம்பதரைக்கும் வருவாங்க, பொங்கல் நேரத்து பஸ் கூட்டம் தெரியும்ல. அதனால ஆறினாலும் சாப்பிடக்கூடிய காயா இருக்கணும். கூட்டு ஆறினா இறுகி மேல ஆடை கட்டும். அடைச்ச கத்தரிக்காயை ரெண்டாம் தடவை சூடு பண்ணினா கொழகொழன்னு ஆயிடும், அதுவும் இல்லாம 16 பேருக்கு கத்தரிக்காய் ஒண்ணொண்ணா அடைக்கிறது ஒரு ஆள் வேலை, நீங்க கேட்டது சுலபமான காய். பொரியல், பொடிமாஸ் ரெண்டும் ஆறினாலும் ருசி கெடாது.

என்னோட ஓட்டு அவரைக்காய் பொரியலுக்கு. 16 பேருக்கு ஒன்றரை கிலோ வாங்குங்க, நார் உரிச்சு காம்பு எல்லாம் போக சரியா இருக்கும். நார் ரெண்டு பக்கமும் எடுக்கணும், ஒரு பக்கம் விட்டாலும் பசங்க துப்பிடுவாங்க. இதுதான் நேரம் எடுக்குற வேலை, அதை உங்க அத்தை கையில கொடுத்துடுங்க, போகி அன்னிக்கு சாயங்காலம் உக்காந்து உரிச்சு வச்சுடட்டும். நறுக்கிறதை மட்டும் பொங்கல் அன்னிக்கு பாத்துக்கலாம், முதல் நாளே நறுக்கி வச்சா வெட்டின ஓரம் கருத்துடும்.

இப்ப வாணலி. அகலமா இருக்கணும், ஆழமா இருந்தா அடில இருக்கிறது குழைஞ்சு மேல இருக்கிறது வேகாம நிக்கும். எண்ணெய் காஞ்சதும் கடுகு, வெடிச்சதும் உளுத்தம்பருப்பு சிவக்கணும், காஞ்ச மிளகாயை ரெண்டா கிள்ளிப் போடுங்க, பொடியா நறுக்காதீங்க, பெருசா இருந்தாத்தான் பசங்க தட்டுல இருந்து எடுத்து ஒதுக்க முடியும், கறிவேப்பிலை. காயைக் கொட்டி ரெண்டு பிரட்டு, ஒரு டம்ளர் தண்ணி தெளிச்சு திறந்து வச்சே வேக விடுங்க. நிறைய பேர் மூடி போட்டுட்டு பொரியல் பழுப்பாயிடுச்சுன்னு சொல்லுவாங்க. காய் வேகுறப்ப அதுலேருந்து புளிப்பு ஆவியோட வெளில வரும், மூடினா அது திரும்ப காய் மேலயே விழுந்து பச்சையைத் தின்னுடும். திறந்து வச்சா ரெண்டு மூணு நிமிஷம் கூட ஆகும், ஆனா இலைல போடுறப்ப பச்சைப் பசேல்னு இருக்கும். உப்பு முக்கால் வெந்தப்புறம், அதுவும் குறைச்சலாவே போடுங்க, கொட்டுறப்ப வாணலி நிறைய இருக்கிற காய் வெந்ததும் சுருங்கிடும், முதல்ல அளவு பாத்து போட்டா கரிக்கும். தண்ணி சுண்டினதும் அடுப்பை அணைச்சுட்டு ஒரு மூடி தேங்காய் துருவிப் போட்டு கிளறிடுங்க.

மாயவரம்_மருமகள்

அண்ணா, இவ்வளவு விவரமா யாரும் சொல்லித் தந்ததில்ல, ரொம்ப நன்றி. மாமி, பொடிமாஸ் கேக்குறப்பவே பண்ணணும்போல இருக்கு, பசங்களுக்கும் அதுதான் பிடிக்கும்னு தோணுது. திருவாரூர்க்காரங்க மாமாவைப் பத்தி சொன்னது மனசுல நின்னுடுச்சு, போன பண்டிகைல அவரு ஒண்ணும் சொல்லாம தயிர் சாதம் மட்டும் சாப்பிட்டு எந்திரிச்சுட்டாரு, எனக்கு அது அன்னிலேருந்தே உறுத்திக்கிட்டுத்தான் இருக்கு.

ரெண்டு சந்தேகம். தேங்காய் போட்ட பொரியலை அஞ்சு மணிக்கே பண்ணி வச்சா ஒம்பது மணிக்கு ஊசிப்போகாதா? அப்புறம் அடுப்புல எதை முதல்ல ஏத்தறது, எதை கடைசியா ஏத்தறது?

பந்தி_சமையல்_வலங்கைமான்

தேங்காயோட அஞ்சு மணிக்கே பண்ணி வெளில வைக்காதீங்க. தை மாசம் குளிர்ச்சியா இருக்கேன்னு நினைப்போம், ஆனா சமையக்கட்டு சூட்டுல மூடி வச்ச தேங்காய் சீக்கிரமே நொச நொசன்னு ஆயிடும். காயைத் தாளிச்சு வேகவச்சு தேங்காய் இல்லாம நிறுத்திக்கங்க. அகலமான தட்டுல பரப்பி ஆறவிட்டு, ஆறினதும் டப்பால போட்டு பிரிட்ஜ்ல வச்சுடுங்க, சூட்டோட டப்பால அடைச்சா வேர்த்து தண்ணி விட்டுடும். ஆட்கள் வந்து கை கால் அலம்புற நேரத்துல வாணலில கொட்டி நல்லா ஆவி வர்ற வரைக்கும் சூடு பண்ணி, அப்ப துருவின தேங்காய். தேங்காயைத் துருவி பிரீசர்ல வைக்கலாம், கெடாது.

அடுப்பு வரிசை இப்படி வச்சுக்கங்க. நாலு மணிக்கு ஒரு பக்கம் சாம்பாருக்குப் பருப்பு, இன்னொரு பக்கம் அவரைக்காய். காய் இறங்கினதும் அங்க சாம்பார். ஆறு மணிக்கு ரெண்டும் முடிஞ்சிருக்கும். அப்பளத்தை ஏழு மணிக்கே பொரிச்சு ஆறினதும் டின்ல போட்டு மூடிடுங்க. அவங்க பக்கத்து ஊரைத் தாண்டிட்டோம்னு போன் பண்ணினதும் சாதத்துக்கு குக்கர் ஒரு பக்கம், ரசம் இன்னொரு பக்கம். ரசத்தைத்தான் சூடா கொடுக்கணும், அதுல நேரத்தை மிச்சம் பிடிக்க வேணாம்.

ஒண்ணே ஒண்ணு, பொங்கலுக்கு வெளில எடுத்த பித்தளைப் பாத்திரம் அங்கயே இருக்கும், கைக்கு வந்ததை எடுத்து சாம்பாரையோ ரசத்தையோ அதுல வச்சுடாதீங்க. ஈயம் பூசாத பித்தளைல புளி சேர்ந்தது நின்னா களிம்பு ஏறிடும், வயித்துக்கு ஆகாது.

தஞ்சை_தம்பி

அண்ணே சொன்னப்புறம்தான் யோசிச்சேன், மதியமும் பரங்கி ராத்திரியும் பரங்கின்னா எனக்கே இறங்காது. சரி அவரைக்காய்க்கு ஒரு ஐடியா, தேங்காய்க்குப் பதிலா வறுத்த வேர்க்கடலையை ஒண்ணும் பாதியுமா பொடிச்சு கடைசில தூவுங்க, எங்க அம்மா தேங்காய் விலை ஏறினா இப்படித்தான் பண்ணுவாங்க. ஊசிப்போற பயமே இல்ல, பொரியலும் உதிரியா இருக்கும். வர்ற பசங்கள்ல யாருக்காவது கடலை ஒத்துக்காதான்னு மட்டும் முன்னாடியே கேட்டுக்கங்க அக்கா.

கும்பகோணம்_மாமி

தம்பி சொல்றது நல்ல யோசனை. இன்னொண்ணும் இருக்கு, ஒரு ஆழாக்கு பாசிப்பருப்பை அரை மணி ஊற வச்சு, மலர வேகவச்சு, விரலால அழுத்தினா நசுங்கணும் ஆனா முழுசா நிக்கணும், தண்ணியை வடிச்சு அவரைக்காயோட சேர்த்தா கறி அளவு கூடிடும், வந்தவா ரெண்டு பேர் கூட இருந்தாலும் தாங்கும். பாசிப்பருப்பு போட்டா பசங்க காய்னு தெரியாமலே சாப்பிட்டுடும்.

அப்புறம் பொடிமாஸை விட்டுடாதீங்கோ. மாட்டுப் பொங்கல் அன்னிக்கு காலம்பற இட்லி தோசைன்னு இருந்தாலும் மத்தியானம் சாப்பாடு உண்டோல்லியோ, அன்னிக்கு வச்சுக்கோங்கோ. நிறைய பேர் இருக்கறச்ச துருவறதுக்கும் கை கிடைக்கும், நாத்தனார்கிட்ட துருவலைக் கொடுத்துட்டு நீங்க பேசிண்டே தாளிக்கலாம்.

நாகை_கடற்கரை

சுலபமான காய்னு கேட்டதை நான் சரியா கவனிக்கல, 16 பேருக்கு கத்தரிக்காய் அடைக்கிறது கஷ்டம்தான். காய் வாங்குறதுக்கு ஒரு விஷயம் சொல்றேன், போகி அன்னிக்கு மார்க்கெட்டுக்குப் போகாதீங்க. கரும்பு, மஞ்சக்கொத்து, இஞ்சிக்கொத்து வாங்குற கூட்டத்துல நல்ல காயைப் பொறுக்க விடமாட்டாங்க, அவரைக்காய் விலையும் அன்னிக்குத்தான் உச்சத்துல இருக்கும். அதுக்கு முதல் நாள் காலைல போய் வாங்கிட்டு வந்து, கழுவாம ஈரத்துணில சுத்தி வைங்க, வாடாது.

மாயவரம்_மருமகள்

முடிவு பண்ணிட்டேன். பொங்கல் ராத்திரிக்கு அவரைக்காய் பாசிப்பருப்பு பொரியல், வலங்கைமான் அண்ணா சொன்ன மாதிரி திறந்து வச்சு வேகவச்சு, தேங்காய் கடைசி நிமிஷம். வேர்க்கடலை வேணாம், சின்ன கொழுந்தனார் பையனுக்கு அது ஆகாது. மறுநாள் மதியம் மாமியோட பொடிமாஸ். அத்தைகிட்ட சொன்னேன், நார் உரிக்கிறதை நானே பாத்துக்குறேன்னுட்டாங்க, எங்க வீட்டுக்காரரு மாமா ரெண்டு பேரையும்கூட உக்கார வைக்கப் போறாங்களாம். காய் வாங்க போகிக்கு முதல் நாள் காலைல போறேன்.

ஒண்ணு கேக்க மறந்துட்டேன் அண்ணா, பாசிப்பருப்பு சேர்த்தா காய் ஒன்றரை கிலோவே வேணுமா, குறைக்கலாமா?

பந்தி_சமையல்_வலங்கைமான்

ஒண்ணே கால் கிலோ போதும். பருப்பைக் காயோட சேர்த்து வேகவிடாதீங்க, தண்ணி சுண்டினப்புறம் கலந்து ஒரு பிரட்டு பிரட்டி இறக்கிடுங்க. பருப்பு போட்டதால பிரிட்ஜ்ல வைக்கிறது இன்னும் முக்கியம், அதை மட்டும் விட்டுடாதீங்க.